ஏழாம் காம்பரா

செப்டம்பர் 3, திங்கள்

காலையிலேயே மழை. குடையின் கம்பி ஒன்று போய்விட்டது. அலுவலகத்துக்குள் நுழையும்போது வலது தோள் முழுக்க நனைந்திருந்தது.

பிரதேச செயலகத்தில் இந்த வருடம் எல்லாக் கிராமங்களுக்கும் விவரணம் புதுப்பிக்கிறார்கள். எல்லை, மழை, குடித்தொகை, கிணறு, மலசலகூடம், தொழில், மொழி என்று பதினாறு பக்கப் படிவம். அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் ஆறு பேருக்கும் இடம் பிரித்துக் கொடுத்தார்கள். எனக்கு வந்தது தெல்கஸ்வத்தை ரப்பர் தோட்டத்தின் கீழ்ப் பிரிவு.

மாற்றிக்கொள்ளலாமா என்று பக்கத்து மேசைத் துஷாரியிடம் கேட்டேன். "ஏன், அங்கே பேய் இருக்கிறதா?" என்றாள். அட்டை கடிக்கும் என்றேன். அவளுக்குக் கிடைத்திருப்பது பஸ் நிற்கும் சந்தியை ஒட்டிய ஊர். விடுவாளா? விடவில்லை.

இந்தக் குறிப்பேட்டைத் தமிழில் எழுதுவதற்கு ஒரே காரணம், போர்டிங் அக்கா கையில் எது கிடைத்தாலும் வாசிப்பார். சிங்களம் மட்டும் வாசிப்பார்.

செப்டம்பர் 5, புதன்

நாளைக்குத் தெல்கஸ்வத்தை. கிராம உத்தியோகத்தர் விஜேபால மாத்தயா கூட வருகிறார். அவர் இந்தப் பகுதிக்கு மாற்றலாகி வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. நல்ல மனிதர், வாய் ஓயாது. "நிலானி மிஸ் நாளை வருகிறார் என்று தோட்டத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டேன், எல்லோரும் வீட்டில் இருப்பார்கள்" என்றார்.  

சேலைக்கு இஸ்திரி போட்டேன். பிறகு சேலை வேண்டாம் என்று தோன்றியது. பிறகு சேலைதான் என்று முடிவு செய்தேன்.

செப்டம்பர் 6, வியாழன்

முடிந்தது. நாற்பத்தொரு வீடும் ஒரே நாளில்.

படிவத்தில் எழுதியதை முதலில் எழுதிவிடுகிறேன். அமைவிடம்: பெரிய சந்தியிலிருந்து மூன்று கிலோமீட்டர், அதில் பாதி தார், மீதி சேறு. கிழக்கே ஓடை, மேற்கே எண்ணெய்ப் பனை வைத்திருக்கும் புதுக் காணி, மற்ற இரு பக்கமும் ரப்பர். கடல் மட்டத்திலிருந்து பெரிய உயரமில்லை. மலைநாட்டுத் தோட்டம் என்றால் படம் பிடிக்க ஆட்கள் வருவார்கள். இங்கே குளிரும் கிடையாது, காட்சியும் கிடையாது. வேர்த்துக் கொட்டும், மழை கொட்டும், அவ்வளவுதான். இப்படி ஓர் ஊர் இருப்பதே சந்தியில் பாதிப் பேருக்குத் தெரியாது. ஊர் என்பது வரிசை வீடுகளாக மூன்று லயம், வேலைக்குப் போகிறவர்கள் குழந்தைகளை விட்டுச் செல்ல ஒரு பிள்ளை மடுவம், பலா மரத்தடியில் ஒரு மாரியம்மன், இரண்டு வகுப்பறை உள்ள ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம். மாணவர் பத்தொன்பது. ஆசிரியர் ஒருவர்; இன்று லீவில் போயிருந்தார்.

தொழில்: ரப்பர் பால் வெட்டு. விடியுமுன் மரத்துக்குப் போய்ச் சீவிவிட்டு, பகல் ஏறுமுன் சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்துக் கொடுக்க வேண்டும். காலையில் மழை பெய்தால் அன்றைக்கு வெட்டு இல்லை, வேலையும் இல்லை. இந்த ஊரில் மழை எத்தனை நாள் பெய்யும் என்று படிவம் கேட்கிறது. மழை பெய்தால் என்ன ஆகும் என்று கேட்கவில்லை.

ரப்பர்க் காட்டுக்குள் ஒரு குறுக்கு வழி உண்டு, இருபது நிமிடம் மிச்சமாகும். ஆனால் மாத்தயாவுடன் ரோட்டு வழியாகத்தான் போனேன்.

பேச்செல்லாம் சிங்களத்தில். நான் கேட்பேன், அவர்கள் சொல்வார்கள், நான் எழுதுவேன். வீட்டில் பேசும் மொழி என்ற கட்டத்தில் முதல் வீட்டுக்காரர் "சிங்களம், மிஸ்" என்றார். இரண்டாவது வீடும் அப்படியே. நாற்பத்தொரு வீடும் அப்படியே. இதில் அதிசயம் எதுவும் இல்லை. எண்பத்துமூன்று இனக்கலவரத்தில் லயங்கள் எரிந்த பிறகு, அரசாங்கத்து ஆள் என்று யார் வந்தாலும் இந்தப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்குச் சிங்களத்தில்தான் நாக்குப் புரளும். சொன்னதை எழுதுவது என் வேலை. சொல்லாததை எழுத எனக்கு அதிகாரம் இல்லை.

"பார்த்தீர்களா மிஸ், இவர்களும் நம்மைப் போலவே ஆகிவிட்டார்கள்" என்றார் மாத்தயா. சந்தோஷமாகத்தான் சொன்னார்.

இரண்டாம் லயம், ஏழாம் காம்பரா: ஒற்றை அறை வீடு. தனியாக இருக்கும் பெண், வயது அறுபத்துமூன்று, பால் வெட்டி ஓய்வு பெற்றவர். மாத்தயாவுக்குச் சீனி போட்டுப் பிளேன்டீ கொடுத்தார். எனக்குச் சீனி போடாமல், தட்டில் ஒரு துண்டு கருப்பட்டி. "இந்த மிஸ் சீனி போட்டால் குடிக்க மாட்டார், உங்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்று மாத்தயா ஆச்சரியப்பட்டார். "படித்த பிள்ளைகள் யாருமே இப்போது சீனி போடுவதில்லையே" என்றார் அந்தப் பெண். நல்ல சிங்களம்.

மாத்தயா சும்மா இருக்கக்கூடாதா? "நன்றாகக் கொடுங்கள் அம்மே, இந்த மிஸ்ஸுக்கு அம்மா இல்லை. எப்போதோ செத்துப்போய்விட்டாராம்" என்றார்.

அந்தப் பெண் என்னைப் பார்க்கவில்லை. கெட்டிலை இறக்கி வைத்துக்கொண்டே "அனே, பாவம்" என்றார்.

வீட்டில் பேசும் மொழி என்று கேட்டேன். சிங்களம் என்றார். எழுதிக்கொண்டேன்.

காலில் மூன்று அட்டை. துஷாரியிடம் காட்ட வேண்டும்.

செப்டம்பர் 7, வெள்ளி

விவரணத்தைத் தட்டச்சு செய்து முடித்தேன். வீட்டில் பேசும் மொழி: சிங்களம் 41. தமிழ் 0.

செப்டம்பர் 11, செவ்வாய்

முதலில் முடித்துக் கொடுத்தது நான்தான் என்று உதவிப் பணிப்பாளர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஒரு பிழைகூட இல்லை என்றார். துஷாரி கேக் வாங்கித் தரச் சொன்னாள்.

போர்டிங்கில் குழாய் வேலை செய்யவில்லை. கிணற்றில் அள்ளிக் குளித்தேன்.

செப்டம்பர் 14, வெள்ளி

நானாக யாரிடமும் எதுவும் சொன்னதில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த அன்று 'எஸ். நிலானி' என்று கையெழுத்துப் போட்டேன். எஸ். என்றால் சில்வாவா, சேனாரத்னவா என்று துஷாரி கேட்டாள். சிரித்தேன். சிரிப்பது பொய் ஆகுமா? நீலாவதி என்ற பெயரை நிலானி என்று சுருக்கியதும் நான் இல்லை, ஆறாம் வகுப்பில் சிங்களப் பள்ளிக்கூடத்து டீச்சர். அம்மா எங்கே என்று கேட்டபோதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. தலையைக் குனிந்தேன். அவர்களாகவே புரிந்துகொண்டார்கள்.

செப்டம்பர் 19, புதன்

தெல்கஸ்வத்தைப் பள்ளிக்கூடத்தின் பெனடிக்ட் சேர் அலுவலகத்துக்கு வந்தார். மலைநாட்டில் ஹட்டன் பக்கத்துக்காரர், இங்கே வந்து ஐந்து வருடம் ஆகிறதாம். நான் அவரைப் பார்த்தது இன்றுதான்.

கையில் வலயக் கல்விப் பணிமனையின் கடிதம். கிராம விவரணத்தின்படி கீழ்ப் பிரிவில் தமிழ் பேசும் குடும்பம் எதுவும் இல்லாததால், அடுத்த ஜனவரியிலிருந்து பள்ளிக்கூடத்தை மூடி, பிள்ளைகளை நாலு கிலோமீட்டர் தள்ளி உள்ள சிங்களப் பாடசாலையில் சேர்க்கப் போகிறார்கள். அவருக்குச் சிங்களம் தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. கவுண்டரில் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். தமிழ் தெரிந்த யாராவது இருக்கிறார்களா என்று காவலாளி மேசை மேசையாகக் கேட்டுக்கொண்டு வந்தார். என் மேசையிலும் கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன்.

கடைசியில் விவரணத்தின் பிரதி ஒன்றைக் கொடுத்தார்கள். என் மேசைக்கு எதிரில் உள்ள வாங்கில் உட்கார்ந்து, விரல் வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். மொழிக் கட்டத்துக்கு வந்ததும் விரல் நின்றது.

"ஒரு வூடு கூடவா இல்ல? ஒரு வூடு கூடவா?" என்றார். யாரிடமும் இல்லை, தனக்குத்தானே. பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்து, "வருசா வருசம் மாரியம்மனுக்குக் கும்மி அடிக்கிற சனங்க, மிஸ்" என்று தமிழிலேயே சொன்னார். எனக்கு விளங்காது என்று தெரிந்துதான் சொன்னார், ஆற்றாமை.

விளங்காதவள் போலவே இருந்தேன். நன்றாகவே இருந்தேன். வாயைக்கூட அரைவாசி திறந்து வைத்துக்கொண்டேன்.

அவர் போன பிறகு கழிப்பறைக்குள் போய் நின்றேன். முகத்தைக் கழுவினேன். கண்ணாடியில் தெரிந்த முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது.

செப்டம்பர் 20, வியாழன்

ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புவரை நான் படித்தது அந்தப் பள்ளிக்கூடத்தில். இந்த எழுத்தெல்லாம் அங்கே படித்த எழுத்து.

செப்டம்பர் 21, வெள்ளி

ஒன்றை எழுதியாகிவிட்டது, மற்றதையும் எழுதிவிடுகிறேன். ஏழாம் காம்பராவில் இருப்பவர் பெயர் சந்தனம். என் அம்மா.

செப்டம்பர் 24, திங்கள், போயா

பௌர்ணமிக்கு வரும் போயா விடுமுறைகளில்தான் வீட்டுக்குப் போவேன். சந்திக்கு ஒரு தரிப்பிடம் முன்னாலேயே இறங்கி, ரப்பர்க் காட்டுக் குறுக்கு வழியில், குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு. மழை இல்லாவிட்டாலும் குடை உண்டு. இன்று வெயில்.

அம்மா வாசலில் விறகு காயப் போட்டுக்கொண்டிருந்தாள். "வாடி" என்று மட்டும் சொல்லி உள்ளே போனாள். நான் கதவைச் சாத்தினேன், அதுவும் வழக்கம்தான். சோறும் பலாக்கொட்டைக் கறியும் போட்டாள்.  நான் பாதி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது மெதுவாகக் கேட்டாள்.

"எந்த வருசம் செத்தேன்னு சொல்லி வச்சிருக்கே?"

தட்டைத் தரையில் வைத்தேன்.

"கோவத்துல கேக்கலடி. அந்த மாத்தயா வாயாடி, மறுபடி வந்து எதையாச்சும் கேப்பாரு. நான் ஒன்னு சொல்லி, நீ ஒன்னு சொல்லி, ரெண்டும் ஒத்துப் போவாட்டி உனக்குத்தான் கரச்சல். எப்புடிச் செத்தேன்? காச்சலா?"

நான் வாயால் சொல்லவில்லை, அவர்களாகவே அப்படி நினைத்துக்கொண்டார்கள் என்றேன். அம்மா தலையாட்டினாள். நம்பியதுபோல் தலையாட்டினாள். அதைப் பார்த்ததும் எனக்கே தாங்கவில்லை. பதினான்காம் தேதி இந்தக் குறிப்பேட்டில் எழுதியதும் பொய். தலையைக் குனியவில்லை. துஷாரி கேட்டாள், நான் சொன்னேன்: "நான் பள்ளிக்கூடம் போகும்போதே அம்மா போய்விட்டார்." கண்ணில் தண்ணீர்கூட வந்தது. துஷாரி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அன்றைக்கு அவள் வீட்டிலிருந்து கொண்டுவந்த பாற்சோற்றில் பாதியை எனக்குக் கொடுத்தாள், நான் சாப்பிட்டேன்.

இதை அம்மாவிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன்.

"சரி, என்னா வருத்தத்துல செத்தேன்னு சொல்லலல்ல? அப்ப நெஞ்சு வலின்னு வச்சுக்குவோம்" என்றாள்.

என்னை அடித்திருக்கலாம். சின்ன வயதில் வாளிப்பாலைத் தட்டிவிட்டதற்கு அடித்தவள்தான். இந்தப் பாவத்துக்கு ஒரு அடிகூட இல்லை.

பள்ளிக்கூடத்துக் கடிதத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. ஊருக்கே தெரிந்துவிட்டது. ஏன் எல்லோரும் சிங்களம் என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். பழைய பயமா என்றேன். அம்மா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

"என்னா பயம்? மொத நாள் பிரட்டுல, வேலைக்குப் பேர் கூப்புடுற எடத்துல வச்சு நிலானி மிஸ் வர்றாங்கன்னு சொன்னாங்க. எனக்கு ஈரக்கொலையே நடுங்கிருச்சு. அன்னைக்குப் பொழுது சாயிறதுக்குள்ள மூணு லயத்துக்கும் போனேன். எம் மகதான் வருது, தெரிஞ்ச மாதிரி யாரும் காட்டிக்காதீங்க, தமிழ்ல ஒத்த வார்த்த பேசிறாதீங்க, அவ எது கேட்டாலும் சிங்களம்னே சொல்லுங்கன்னு ஒவ்வொரு வூட்டுலயும் சொல்லிட்டு வந்தேன். அதே மாதிரி சொன்னாங்களா இல்லியா?"

சொன்னார்கள். நாற்பத்தொரு வீடும் சொன்னது. அவர்களில் என்னைத் தூக்கி வளர்த்தவர்கள் உண்டு. ஐந்தாம் வகுப்பில் நான் புலமைப்பரிசில் பாஸ் பண்ணியபோது ஆளுக்கொரு பிடி அரிசி போட்டுப் பொங்கியவர்கள் உண்டு. என் முகத்துக்கு நேரே "சிங்களம், மிஸ்" என்றார்கள். ஒருவர் கண்ணிலும் ஒரு சின்னக் கேலிகூட இல்லை. பயந்த சனம் என்பதுபோல நான் அவர்களைப் பற்றி இந்தக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பயந்தவள் யார்?

நான் திருத்திவிடுகிறேன் என்றேன்.

"என்னாத்தத் திருத்துவே? பொய் எழுதுனேன்னு எழுதிக் குடுப்பியா? வேலையை விட்டுத் தூக்கிருவாங்க. பள்ளிக்கூடம் போனாப் போவுது. முப்பது வருசம் பால் வெட்டுனது நீ அந்த நாக்காலியில உக்காரத்தான்."

லயத்துச் சுவருக்கு ரகசியம் கிடையாது. பக்கத்துக் காம்பராவிலிருந்து வீராயி அக்கா வந்து, சாத்தியிருந்த கதவைத் திறந்துகொண்டு நின்றாள். அவளுடைய இரண்டு பெண்பிள்ளைகளும் அந்தப் பள்ளிக்கூடத்தில்தான், ஒருத்தி இரண்டாம் வகுப்பு, ஒருத்தி நாலு.

"சந்தனக்கா, குறுக்க பேசுறேன்னு நெனைக்காதீங்க. உங்க மகளுக்காக நாங்க பொய் சொன்னோம். மனசாரத்தான் சொன்னோம். இப்ப எங்க புள்ளைங்களுக்காக அது ஒரு நெசம் சொல்ல ஏலாதா?"

 வீராயி அக்கா என்னிடம் திரும்பவே இல்லை. "நாலு கிலோமீட்டரு தூரம். மழை பேஞ்சா ஓடையத் தாண்ட ஏலாது. போன மாசம்தான் சின்னவ முழுசா ஒரு கடிதாசி எழுதிப் பழகுனா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள்.

பஸ்ஸுக்கு வரும்போதும் குறுக்கு வழியில்தான் வந்தேன். குடையை விரித்துத்தான் வந்தேன். எழுதுவதற்கே கேவலமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் வந்தேன்.

செப்டம்பர் 26, புதன்

உதவிப் பணிப்பாளரிடம் சொல்ல அவர் அறைவரை போனேன். தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். திரும்பி வந்துவிட்டேன்.

செப்டம்பர் 27, வியாழன்

இன்று அவர் சும்மாதான் இருந்தார். பேனா கேட்க வந்ததாகச் சொல்லி ஒரு பேனா வாங்கிக்கொண்டு வந்தேன்.

செப்டம்பர் 28, வெள்ளி

திருத்தக் கடிதம் எழுதினேன். 'தகவல் தந்தவர்கள் தவறாகத் தெரிவித்ததன் காரணமாக' என்று ஆரம்பித்திருந்தேன். படித்துப் பார்த்துக் கிழித்தேன். இன்னும் பழியை அவர்கள் தலையிலேயே போடுகிறேன். அடுத்ததில் 'எழுத்துப் பிழை காரணமாக' என்று வந்தது. அதையும் கிழித்தேன். உண்மையை ஒரு வரியில் எழுத எனக்குச் சிங்களமும் வரவில்லை, தமிழும் வரவில்லை.

செப்டம்பர் 30, ஞாயிறு

உடுப்புத் தோய்த்தேன். மழை. ஒன்றும் காயவில்லை.

அக்டோபர் 2, செவ்வாய்

பெனடிக்ட் சேர் மேலிடத்துக்கு மனுப் போட்டிருக்கிறார். பெற்றோரை நேரில் விசாரிக்க வலயக் கல்விப் பணிமனையிலிருந்து ஒரு மேடம் வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு வருகிறார். விவரணம் சரி என்று உறுதி சொல்ல எங்கள் அலுவலகத்திலிருந்து ஓர் ஆள் போக வேண்டும். யார் என்று கேட்க வேண்டுமா?

"பயப்படாதே, நீ எழுதியதில் பிழையே இருக்காது" என்றாள் துஷாரி. நல்லவள். நல்லவர்கள் எல்லோரும் சேர்ந்து என்னைக் கொல்கிறார்கள்.

அக்டோபர் 4, வியாழன்

சாப்பிடவில்லை. காய்ச்சல் என்று லீவு போட்டுவிடலாம் என்று காலையில் நினைத்தேன். நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். கல் மாதிரிக் குளிர்ந்து கிடக்கிறது.

அக்டோபர் 5, வெள்ளி

பள்ளிக்கூடத்தை மூட மாட்டார்கள். அதை முதலில் எழுதிவிடுகிறேன். விவரணத்தைத் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் அதுவரை எதிலும் கை வைக்கக்கூடாது என்றும் மேடம் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார். எனக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். வேலை இருக்குமா, போகுமா என்று தெரியாது. மாத்தயா என்னோடு திரும்பி வரவில்லை. மோட்டார் சைக்கிளில் தனியாகப் போய்விட்டார். இந்நேரம் துஷாரிக்கும் தெரிந்திருக்கும்.

நடந்தது இது. இரண்டு வகுப்பறைக்கும் நடுவில் உள்ள தட்டியை எடுத்துவிட்டு வாங்குகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். முன்னால் மேசைக்குப் பின்னே மேடம், ஒரு பக்கம் மாத்தயா, ஒரு பக்கம் நான். பெனடிக்ட் சேர் ஓரத்தில் நின்றார். பெற்றோர் மட்டும் வரவேண்டும் என்று சொல்லியும் ஊரே வந்திருந்தது. நாலாவது வாங்கில் அம்மா, வெளுத்த சேலையில்.

மேடம் விவரணத்தை வாசித்தார். நாற்பத்தொரு வீட்டிலும் சிங்களம் என்று எழுதியிருக்கிறது, சரியா என்று சிங்களத்தில் கேட்டார். வீராயி அக்கா எழுந்தாள். சரியில்லை, எல்லா வீட்டிலும் தமிழ்தான் பேசுகிறோம் என்றாள்.

"அப்படியானால் அன்றைக்கு ஏன் மாற்றிச் சொன்னீர்கள்? இல்லை, நீங்கள் சரியாகச் சொல்லி இந்த மிஸ்தான் பிழையாக எழுதினாரா?"

வீராயி அக்கா வாயைத் திறந்தாள். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு, தன் பிள்ளைகளின் பள்ளிக்கூடம் தப்பிவிடும். அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. அந்த வாங்குகளில் இருந்த ஒருவரும் சொல்லவில்லை. மேடம் இரண்டாம் முறை கேட்டார், அப்போதும் இல்லை.

அம்மா எழுந்தாள். கையைக் கட்டிக்கொண்டு சிங்களத்தில் சொன்னாள்: "மிஸ் மேல் குற்றமில்லை, நோனா. நாங்கள் சொன்னதைத்தான் எழுதினார். நாங்கள்தான் பிழையாகச் சொன்னோம். படிப்பில்லாத சனம்."

"நாற்பத்தொரு வீடும் ஒரே பிழையைச் செய்ததா?" என்று கேட்டார் மேடம். குரலில் எரிச்சல் ஏறிவிட்டது. "என்னை வைத்து விளையாடுகிறீர்களா? ஒரு காரணம் சொல்லுங்கள். இல்லாவிட்டால் எழுதியது எழுதியதுதான், நான் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறேன்." பேனாவின் மூடியைத் திறந்தார்.

நான் எழுந்தேன். நானாக எழுந்தேன் என்று பெருமையாக எழுத முடியவில்லை. அம்மா கையைக் கட்டிக்கொண்டு நின்ற நிலை என்னை எழுப்பிவிட்டது.

"காரணம் நான்தான் மேடம்" என்றேன். "நான் இந்த லயத்தில் பிறந்தவள். என்னைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்றுதான் எல்லோரும் சிங்களம் என்று சொன்னார்கள். அது தெரிந்தும் எழுதினேன்." தெரிந்தும் என்பது முழு உண்மையில்லை, ஆனால் தமிழ் வீடுகள் என்று எனக்குத் தெரியாதா? "அங்கே நிற்பவர் என் அம்மா."

மாத்தயா நாற்காலியில் திரும்பினார். "மிஸ்ஸின் அம்மா செத்துப்போய்விட்டாரே?" என்றார். கோபமாகக்கூட இல்லை. யாராவது தன்னைத் திருத்துவார்கள் என்பதுபோல் சுற்றிப் பார்த்தார்.  

மேடம் பேனாவை வைத்துவிட்டு, என்னையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தார். பெற்றோர் மேல் இரக்கப்பட்டு நான் ஏதோ கதை கட்டுகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. அம்மாவிடமே நேராகக் கேட்டார்.

"அம்மே, பயப்படாமல் உண்மையைச் சொல்லுங்கள். இவர் உங்கள் மகளா?"

அம்மா நின்றாள். ஆம் என்றால் என் வேலைக்கு என்ன ஆகுமோ என்று அவளுக்குத் தெரியாது. இல்லை என்றால் பள்ளிக்கூடம் என்ன ஆகும் என்று தெரியும். முன் வாங்கில் வீராயி அக்கா இருக்கிறாள்.  பிறகு மேடத்தை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். அந்த மண்டபத்தில் அதுவரை ஒருவரும் பேசாத தமிழில், வீட்டுக்குள் பேசுகிற அதே குரலில் கேட்டாள்.

"என்னாடி சொல்லட்டும்? உங்கம்மான்னு சொல்லிறவா?"

"என்ன சொல்கிறார்?" என்றார் மேடம்.

பெனடிக்ட் சேர் மொழிபெயர்க்க ஓர் அடி முன்னால் வந்தார். நான் கையைக் காட்டி நிறுத்தினேன். நாற்பத்தொரு வீடும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு சொல்லும் விடாமல் சிங்களத்தில் நானே சொன்னேன்.

"என் அம்மா என்று சொல்லலாமா என்று என்னிடம் அனுமதி கேட்கிறார், மேடம்."